கட்டில் காலுக்கடியில் இரண்டாம் வகுப்பு

நவம்பர் 10, திங்கள்

காலையில் தூறல். பிறகு வெயில். கடல் பக்கம் கறுப்பு.

இன்று வெளியே படித்தவை: சுவரில் 'இங்கு விளம்பரம் செய்யாதீர்'. அதன் மேலேயே ஒட்டியிருந்த காதணி விழா சுவரொட்டி. மின்சாரப் பெட்டியில் 'அபாயம்'. பேருந்தில் 'விம்கோ நகர்', முழுதாக. போன மாதம் 'விம்' வரும்போதே பேருந்து போய்விடும்.

முதியோர் வகுப்பு டீச்சர் சொன்னது: "அய்யா, தினம் நாலு வரி எழுதுங்க. யாரும் பாக்கப் போறதில்ல. தப்பு வந்தா வரட்டும்." சாயங்கால வகுப்பில் கொடுத்த இரண்டு புத்தகத்தையும் முடித்துவிட்டேன். அடுத்ததற்கு நூலகம் போகச் சொல்கிறார். போக வேண்டும். அதற்கு முன்னால் வீட்டில் இருக்கும் புத்தகங்கள். கட்டிலுக்கு அடியில்.

அடியில் என்றால் சும்மா கிடப்பவை அல்ல. கட்டிலின் நான்கு காலுக்கும் முட்டு. எல்லாம் மகள் கலாவின் பள்ளிக்கூடப் புத்தகங்கள். பெருவெள்ளம் வந்த வருடம் கட்டில் பாதி முழுகியது. தண்ணீர் வடிந்ததும் என் வீட்டுக்காரி தனம் பரணிலிருந்து புத்தகங்களை இறக்கி, பிளாஸ்டிக் சாக்கில் சுற்றி, ஒவ்வொரு காலுக்கும் ஒரு அடுக்கு வைத்தாள். அப்புறம் அவளுக்கு முட்டி வலி. கட்டில் உயரமாக இருப்பதால் காலைத் தொங்கப்போட்டு, யார் கையையும் பிடிக்காமல் எழுந்துகொள்கிறாள். அதில் அவளுக்குப் பெருமை.

(தனம் என்று எழுத நேரமாகிறது. இனி த.)

எனக்கு அந்த அடுக்குகளில் ஒரே ஒரு பாடம் வேண்டும். இரண்டாம் வகுப்புத் தமிழ். நாளை எழுதுகிறேன். விரல் வலி.

நவம்பர் 11, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம். எண்ணூர்ப் பக்கக் காற்று, நாற்றத்தோடு.

அந்தப் பாடம்.

கலா இரண்டாவது படித்த காலம். முப்பது வருடம் இருக்கும். சாயங்காலம் தவறாமல் கரண்ட் போகும். நான் ஹார்பரில் மூட்டை இறக்கிவிட்டு வந்து, குளித்து, விசிறியோடு உட்காருவேன். அவள் மெழுகுவர்த்திக்குக் கிட்டே குனிந்து கத்துவாள். தெருவுக்கே கேட்கும்.

'பூசணி விதை போட்டோம். கொடி வந்தது. கொடி கூரையில் ஏறியது. பக்கத்து வீட்டுக் கூரைக்கும் போனது. அங்கே ஒரு காய் காய்த்தது. காய் யாருக்கு?'

அவ்வளவுதான். புத்தகத்தை மூடிவிடுவாள். "அப்புறம் இன்னா ஆச்சும்மா?" என்பேன். "இதுவரிக்கும்தான் நைனா மனப்பாடம். டீச்சர் கோடு போட்டுகீறாங்க." கோட்டுக்குக் கீழே என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவள் கையிலிருந்து வாங்கிப் பார்த்தாலும் தெரியாது.

மறுநாள் ஹார்பரில் சோற்று நேரத்தில் சொன்னேன். பெரிய தகராறு. கப்பலில் கோதுமை வந்த சமயம், உடம்பெல்லாம் தூசி. ஒருத்தன் சொன்னான், கூரை எவனுதோ காயும் அவனுது. இன்னொருத்தன், அப்படின்னா உன் கோழி என் வூட்டுல முட்டை வுட்டா எனுக்கா? மேஸ்திரி மட்டும், பூசணி எல்லாம் ஒரு காயா, கத்திரிக்கான்னா பேசலாம் என்றார். ஒரு வாரம் இதே பேச்சு. "யோவ் ஏழுமல, பாப்பாவ கேட்டுகினு வாய்யா" என்று என்னை விரட்டினார்கள். கலா அதற்குள் அடுத்த பாடம் போய்விட்டாள். அது குதிரை பற்றியது. நன்றாக இல்லை.

அந்த ஆட்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. தீர்ப்பு தெரியாமலே போனார்கள்.

இரவுச் சோற்றுக்கு முன் கலாவுக்குப் போன். ஓசூரில் ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள்.

"பூசணிக்காயா? நைனா, எனுக்கு காலைல இன்னா சாப்ட்டேன்னே ஞாபகம் இல்ல. அதுக்குத்தான் போன் பண்ணியா?"

அதற்குத்தான்.

த.விடம் பேசினேன். புத்தகத்தை உருவ வேண்டும் என்றேன்.

"உருவுனா கட்டில் ஆடும். ஆடுனா நான் வுழுவேன். வுழுந்தா யார் தூக்குறது? உன் பூசணிக்காயா?"

செங்கல் வைக்கலாம் என்றேன். தப்பாகச் சொல்லிவிட்டேன். அவள் அப்பா கடைசியாகப் படுத்தபோது கட்டிலுக்குச் செங்கல் வைத்துத்தான் உயர்த்தினார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து வீட்டுக்குள் செங்கல் கூடாது.

கடைசியில் ஒப்பந்தம்: புத்தகம் எடுத்தால் புத்தகம் வைக்க வேண்டும். அதே தடிமன்.

அடுத்த வாரம் பெருமழை என்கிறார்கள். போன வருடம் கணுக்கால் வரை தண்ணீர் உள்ளே வந்தது. சாக்கெல்லாம் இற்றுப்போய்க் கிடக்கிறது. இந்த முறை வந்தால் அடியில் இருப்பவை கூழ். அதற்குள் எடுத்தாக வேண்டும்.

நவம்பர் 13, வியாழன்

மேகம். பிறகு ஒன்றும் இல்லை.

தெரு முழுக்கப் புத்தகம் தேடினேன். யாருக்கும் வேண்டாத, குண்டான புத்தகம். எல்லா வீட்டிலும் இருக்கிறது. ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. எல்லாம் வேலையில் இருக்கின்றன.

மளிகைக்கடை அண்ணாச்சி: ஐஸ்கிரீம் பெட்டியின் ஒரு மூலைக்குச் சமையல் புத்தகம். "அத உருவுனா பெட்டி சாஞ்சிரும்லா பெரியவரே. சாஞ்சா கதவு மூடாது. கதவு மூடலன்னா குச்சி ஐஸ் எல்லாம் பாயசம்." குனிந்து பார்த்தேன். விளிம்பில் தெரிந்த வரி: 'நன்கு வதங்கியதும் இறக்கவும்'.

மீன் விற்கும் சரோஜா: வாரப் பத்திரிகைகளைத் தைத்த கட்டு, அதன் மேல் கோணி, அதன் மேல் அவள். "எந்திரிக்க மாட்டேன். வஞ்சிரம் வாங்கு, எந்திரிக்கிறேன்."

எதிர்வீட்டு டில்லி: ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். மொட்டைமாடியில் புறா. கூண்டுக்குள் தடுப்புச் சுவர் எல்லாம் கெட்டி அட்டை போட்ட சட்டப் புத்தகங்கள். ஏதோ வக்கீல் வீடு காலி செய்தபோது கொண்டு வந்தானாம். ஒன்றின் மேல் முட்டை. "தொடாதே நைனா. குஞ்சு பொரிக்கட்டும். அதுவரிக்கும் ஸ்டே." சட்டப் புத்தகத்தோடு இருந்து அவனுக்கும் அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டது.

மேரி, கோயில் தெரு: கிறிஸ்துமஸ் மரம் செய்கிறாள். தடித்த நாவலின் ஒவ்வொரு தாளையும் முக்கோணமாக மடித்து, நிறுத்திவைத்தால் மரம். மேலே பச்சைப் பெயின்ட், உச்சியில் நட்சத்திரம். வருடத்துக்கு ஒரு நாவல் செலவு. "அண்ணே, படிக்கணும்னா இப்பவே படிச்சிக்க. பெயின்ட் நாளைக்குத்தான்." வாசல்படியில் உட்கார்ந்து படித்தேன். ஒவ்வொரு வரியிலும் பாதி மடிப்புக்குள். அந்தப் பெண் கோபமாக எழுந்து, மடிப்பு. அவன் கடிதத்தை எடுத்து, மடிப்பு. நன்றாகத்தான் இருந்தது.

மேரி கேட்டாள்: "உனுக்கு எப்ப இவ்ளோ வேகமா வந்துச்சு?" வேகம் என்று சொன்னாள். எழுதி வைக்கிறேன்.

வெறும் கையோடு திரும்பினேன். த. என் கையைப் பார்த்தாள். சிரித்தாள்.

நவம்பர் 15, சனி

வெயில். நல்ல வெயில். துணி காய்ந்தது.

காலையில் அண்ணாச்சி ஆள் அனுப்பினார். அவர் மகன் பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டான். மாடியில் அவன் படித்த நுழைவுத்தேர்வுப் புத்தகங்கள், ஒவ்வொன்றும் தலையணை போல. பாதிக்கு மேல் பிரிக்கவே இல்லை.

"பரீச்ச முறையே மாறிப் போச்சாம். சும்மா குடுத்தாலும் ஒருத்தனும் வாங்க மாட்டங்கான். பழைய பேப்பர்காரன் நாளைக்கி வாரான், அதுக்குள்ள எடுத்துட்டுப் போயிரும்."

டில்லியின் ஆட்டோவில் கொண்டு வந்தோம். அத்தனையும் இங்கிலீஷ். புரட்டினேன். படம்கூட இல்லை. காலுக்கு வைக்க மனசு வலிக்கவில்லை. அப்போதுதான் தோன்றியது: படிக்கத் தெரியாதவை எல்லாம் எனக்கு இன்னும் செங்கல்தான். ஒரு காலத்தில் எல்லாமே செங்கல். மூட்டை மேல் அச்சடித்த எழுத்தையும் நான் படமாகத்தான் பார்த்தேன். ஏணி மாதிரி எழுத்து போட்ட மூட்டை அந்தக் கொட்டகைக்கு, கொக்கி மாதிரி போட்டது இந்தக் கொட்டகைக்கு. ஒரு நாளும் தவறவில்லை. அதனால்தான் படிக்க வேண்டும் என்று தோன்றவே இல்லையோ.

கட்டிலைத் தூக்க டில்லி ஆட்டோ ஜாக்கியை எடுத்து வந்தான். த. இறங்க மாட்டேன் என்றாள்.

"நான் மேல இருந்தாத்தான் மட்டம் தெரியும்."

"அக்கா, இது ஜாக்கி. வண்டிக்குப் போடுறது."

"போடு. நான் இன்னா வண்டிய வுட வெயிட்டா?"

டில்லி குனிந்து ஜாக்கியைப் பொருத்தினான். நல்ல பிள்ளை. ஜாக்கியைச் சுற்றச் சுற்ற த. ஒரு பக்கமாக ஏறினாள். தலையணையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "திருவிழால ராட்டினம் ஏறுன மாரி கீது" என்றாள். அவள் அப்படிச் சிரித்து நாளாயிற்று.

முதல் கால், கதவுப் பக்கம். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பு. கணக்கு, அறிவியல், வரலாறு. இரண்டாம் வகுப்பு இல்லை. இங்கிலீஷ் தலையணைகளை வைத்து ஜாக்கியை இறக்கியதும் த. குதித்துப் பார்த்தாள். முட்டி வலியோடு. "ம். ஆடல."

எல்லாவற்றுக்கும் காக்கி அட்டை. த. போட்டது. ஒவ்வொரு ஜூனிலும் ராத்திரிச் சோறு ஆனதும் கஞ்சிப் பசை காய்ச்சி உட்காருவாள். அட்டை மேல் சீட்டு. அதைப் படித்தேன்.

பெயர்: ஏ. கலா.

ஏ என்பது நான், ஏழுமலை. எல்லாப் புத்தகத்திலும். அவள் பெயருக்கு முன்னால் இத்தனை வருடம் நின்றிருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

மத்தியானத்திலிருந்து தூறல். காசிமேட்டில் படகுகளைக் கடலுக்கு விட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

இரண்டாவது கால், மூன்றாவது கால். ஒன்பது, பத்து. மூன்று, நான்கு, ஐந்து. கூடவே ஒரு நர்ஸ் படிப்புப் புத்தகம், அது எப்படி வந்ததோ. இரண்டாம் வகுப்பு இல்லை.

எடுத்ததை எல்லாம் த. மடியில் வாங்கித் துடைத்தாள். அவளுக்கு இன்னும் எழுத்து தெரியாது. வகுப்புக்குக் கூப்பிட்டேன், முட்டி என்றாள். ஆனால் அட்டையைத் தொட்டதும் சொல்கிறாள். "இதுல எண்ணெ கறை கீது பாரு, வாழக்கா பஜ்ஜி. ரிசல்ட் வந்த நாளு." இன்னொன்றை முகர்ந்தாள். "இது அம்ம வார்த்த வருஷம். வேப்பில வச்சிருந்தேன் உள்ள." பிரித்தால் நிஜமாகவே காய்ந்த இலை. தொட்டதும் பொடி.

நான்காம் வகுப்புத் தமிழைக் கொஞ்சம் படித்துக் காட்டினேன். மெதுவாகத்தான். கடலைப் பற்றிய பாடம். 'கடல் நீர் உப்பாக இருக்கும்.' "இதுக்கு ஒரு பாடமா?" என்றாள்.

பாக்கி ஒரே கால். சுவர் ஓரம், அவள் தலைமாடு. அங்கேதான் சுவரில் ஈரம் ஊறும். அண்ணாச்சி கொடுத்ததில் அதற்கு வேண்டியது இருக்கிறது. டில்லி நாளைக்குச் சவாரி, செவ்வாய்தான் வருவான்.

"அத்த மட்டும் வுட்டுடு" என்றாள் த.

"ஏன்?"

"ஈரம் பட்டு ஒட்டிகினு கீது. எடுத்தா நீ பேஜாராயிடுவ."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. முன்னாலேயே பார்த்திருக்கிறாள்.

நவம்பர் 18, செவ்வாய்

மழை. விட்டு விட்டு. வாசலில் செருப்பு மிதக்கவில்லை, ஆனால் யோசிக்கிறது.

டில்லி வந்தான். ஜாக்கி. த. இந்த முறை இறங்கி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

சாக்கைப் பிரித்தேன். மேலே இருந்தவை பரவாயில்லை. அடியில் மூன்று புத்தகம் ஒன்றாக ஒட்டி, ஒரே பாளம். கருவாட்டு நிறம். கரையான் இல்லை, அந்த மட்டில் சரி. நகத்தால் நெம்பினேன். ஓரம் உதிர்ந்தது. நடுவில் இருப்பது சின்னப் புத்தகம், ஒல்லி. அட்டைச் சீட்டில் எழுத்து பாதி போய்விட்டது. 'வகுப்பு: இர'. அதற்கு மேல் இல்லை.

இருக்கிறது. ஆனால் திறக்காது.

டில்லி தூக்கிப் பார்த்தான். "நைனா, கல்லு மாரி கீது. இது இனிமே புக் இல்ல." பாளம் போன இடத்தில் புதுத் தலையணைகளை வைத்து, ஜாக்கியை இறக்கிவிட்டுப் போனான். கட்டில் ஆடவில்லை. வேலை முடிந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

த. மெதுவாகச் சொன்னாள்: "ஊறப்போட்டு வெந்தயம் சேத்து அரைச்சா நல்ல கூடை வரும். குடத்த கவுத்து மேல அப்புனா, ரெண்டு கூட. கலாவுக்கு ஒண்ணு குடுக்கலாம். வெங்காயம் போட்டு வெச்சிக்கும்."

அவள் அம்மா வீட்டில் காகிதம் எதையும் எறிய மாட்டார்கள். ஊறவைத்து, அரைத்து, கூடை. நம் வீட்டிலும் ஒன்று இருக்கிறது, மிளகாய் போட. கெட்டியான கூடை. அவள் சொன்னதில் தப்பில்லை. ஊறப்போட அண்டாகூட எடுத்துவிட்டாள்.

பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விரலால் தட்டினால் மரச் சத்தம். அந்த ஆறு வரியும் உள்ளேதான் இருக்கின்றன, அதற்குக் கீழேயும் ஏதோ இருக்கிறது. முப்பது வருடம் எனக்குக் கண் இல்லை. இப்போது கண் வந்தது, கதவு இல்லை.

த. பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அண்டாவைக் கவிழ்த்து வைத்தாள்.

"மூஞ்ச அப்டி வெச்சிகினு குந்தாதே. காலைல இட்லிக்கு ஆவி வரும்ல. அதுல காட்டிப் பாக்கலாம்."

நவம்பர் 19, புதன்

நல்ல மழை. தெருவில் தண்ணீர், படிக்குக் கீழே நிற்கிறது. இட்லி ஐந்து. சட்னி காரம்.

இட்லி எடுத்தபின் பானையில் தண்ணீர் ஊற்றி, மேலே துணி கட்டி, துணி மேல் பாளம். நான் எட்டி எட்டிப் பார்த்தேன். "தள்ளு. இது இட்லி இல்ல, குத்திப் பாக்குறதுக்கு." வீடெல்லாம் பழைய ஈர நாற்றம். கொஞ்ச நேரத்தில் மேல் புத்தகம் பூரி போல உப்பியது.

பிரிப்பதை நான் செய்யவில்லை. என் விரல் மூட்டை தூக்கின விரல். த. கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் இறால் உரிக்கும் கொட்டகையில் வேலை செய்தவள். ஓடு உரியும், சதையில் கீறல் விழாது. அதே மாதிரி ஓரத்தில் கட்டை விரலை நுழைத்து, ஊதி, கொஞ்சம் இழுத்து, நிறுத்தி, மறுபடி ஆவி காட்டி. ஒவ்வொரு தாளாகப் பழைய புடவைத் துண்டில் போட்டாள். முதலில் ஏதோ கணக்கு. அப்புறம் மயில் படம். அப்புறம் எதுவோ கிழிந்தது, "போவட்டும்" என்றாள். நானும் போகட்டும் என்றேன். மனசுக்குள் சொல்லவில்லை.

அப்புறம் பூசணிக்காய்.

படம் சின்னதுதான். நான் நினைத்ததைவிடச் சின்னது. இரண்டு கூரை, நடுவில் கொடி. கீழே ஆறு வரி. படித்தேன். 'பூசணி விதை போட்டோம்.' இல்லை, படிக்கவில்லை. காதில் இருந்தது கண்ணில் வந்து நின்றது. எந்த எழுத்தையும் கூட்ட வேண்டியிருக்கவில்லை. 'காய் யாருக்கு?' அதற்குக் கீழே பென்சில் கோடு. டீச்சர் போட்ட கோடு.

"அப்புறம்?" என்றாள் த. "கீழ இன்னா கீது? படிய்யா."

கீழே கதை இல்லை. 'பயிற்சி' என்று இருந்தது. 'காய் யாருக்கு? நீ என்ன நினைக்கிறாய்? எழுது.'

அவ்வளவுதான். புத்தகத்துக்கும் தெரியாது. ஹார்பரில் ஒரு வாரம் சண்டை போட்டோமே, அதைத்தான் பிள்ளைகளையும் போடச் சொல்லியிருக்கிறார்கள்.

அதற்குக் கீழே இரண்டு கோடு இடம். அதில் பென்சிலில் எழுத்து. குண்டு குண்டாக, என் எழுத்து போலவே. பென்சில் தண்ணீரில் அழியாது போலிருக்கிறது. கூட்டிக் கூட்டிச் சத்தமாகப் படித்தேன்.

'காய் எங்களுக்கு. விதை எங்க அம்மா போட்டது. கேட்டா குடுப்போம்.'

த. அந்த எழுத்தை விரலால் தொட்டாள். அப்புறம், "நான் எப்ப பூசணி போட்டேன்?" என்றாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். ஆவி என்றாள். "இன்னொரு வாட்டி படி." படித்தேன். "கேட்டா குடுப்போமாம். ஆளப் பாரு. எப்பவும் அப்டித்தான், கேக்காம எடுத்தா கைய கடிப்பா."

பதிலின் மேல் சிவப்பாக ஒன்று. மை கரைந்து ரோஸ் நிறத்தில் பரவியிருந்தாலும் தெரிகிறது. பெருக்கல் குறி. பக்கத்தில் டீச்சர் ஏதோ எழுதியிருக்கிறார். 'சமம்' என்பது மட்டும் படிக்க முடிந்தது. பாதிப் பாதி என்று எழுதியிருக்க வேண்டும் போல.

"இன்னா அது செவப்பா?"

"தப்புன்னு போட்டுகீறாங்க."

"எது தப்பு? வெத போட்டது நாம. தண்ணி ஊத்துனது நாம. கேட்டா தரோம்னு வேற எழுதிகீறா. இதுக்கு மேல இன்னா பண்ணணும்?"

ஹார்பர் ஆட்கள் இருந்திருந்தால் இங்கேயே பந்தல் போட்டிருப்பார்கள். மேஸ்திரிகூட ஒத்துக்கொண்டிருப்பார்.

ஓசூருக்குப் போன் போட்டேன். மழையில் லைன் கிடைக்கவில்லை. சாயங்காலம் மறுபடி.

சட்டைப் பையில் பேனா இருந்தது. வகுப்புக்கு வாங்கிய பேனா, நீலம். தாள் ஈரம். இருந்தாலும் மெதுவாக, அந்த ரோஸ் குறிக்குப் பக்கத்தில், பெரிதாக ஒரு சரி போட்டேன். கீழே ஏ என்று எழுதினேன். மை கொஞ்சம் ஊறிப் பரவியது.

த. எட்டிப் பார்த்தாள். "பேனாவுலயா போட்ட? பென்சில்ல போட்டிருந்தா அழிக்கலாம்ல."

எதற்கு அழிக்க வேண்டும்.